ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூமியையும் வானத்தையும் எங்கே காட்டுவது?

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறீர்கள். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 34 பிள்ளைகள். மண், பாறை, சூரியன், நிலா பாடங்களை நேரில் காட்ட ஒரு நாள் வெளியே அழைத்துப் போக வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர் சிலர் சென்னைக் கோளரங்கத்தைச் சொல்கிறார்கள், தலைமையாசிரியர் மேட்டூர் அணையைச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முடிவில், போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: இந்த வயதில் இதெல்லாம் புரியுமா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று. உங்களுடைய கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எது பிடிபடும் என்று தெரிந்துவிட்டால், எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நான் நிலவியல் படித்தவன். படித்து முடித்த சில ஆண்டுகள் கிணறு வெட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். பிறகு ஆசிரியராகி, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் கிராமப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாறையையும் மண்ணையும் பற்றி இங்கே சொல்லப்போவதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் மனத்தைப் பற்றிச் சொல்வது வேறு வகை. அது நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்வது. பார்த்ததும் பெரும்பாலும் தோட்டங்காட்டில் வளர்ந்த பிள்ளைகளை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் சுருக்கமான பதில். தொலைவு போகாதீர்கள். ஒரு முழு நாளை ஒரே பயணத்தில் செலவழிப்பதற்குப் பதிலாக, நான்கு அரை நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரை நாளுக்கும் ஒரே ஒரு கேள்வி போதும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆசிரியரான இரண்டாம் ஆண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அதிகாலையில் பஸ்ஸில் ஏற்றி, தொலைவிலிருந்த ஒரு கோளரங்கத்துக்கு அழைத்துப் போனேன். பாதிப் பேர் வழியில் வாந்தி எடுத்தார்கள். இருட்டான கூடத்தில் குளுகுளு காற்றில் சாய்வு நாற்காலி கிடைத்ததும் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். இரண்டு பேர் இருட்டுக்குப் பயந்து அழுதார்கள். மறுநாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்" என்றான் ஒருவன். அது நல்ல அனுபவம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக அவனுடைய அப்பா கொடுத்த பணம் அவருக்கு இரண்டு நாள் தறி கூலி. கோளரங்கம் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போக வேண்டிய இடம். அப்போதுகூட நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் திருச்சி அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் சென்னையைவிட அருகில் இருக்கிறது.

இனி, என்னதான் புரியும் என்ற கேள்வி. இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1992-இல் வொஸ்னியாடோ, புரூவர் என்ற இருவர் அமெரிக்காவில் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைப் பற்றிக் கேட்டார்கள். "உருண்டை" என்று வாயால் சொன்ன பிள்ளைகளில் பலர், வரையச் சொன்னபோதும் மேலே துருவித் துருவிக் கேட்டபோதும் வேறு உலகத்தைக் காட்டினார்கள். தோசை போன்ற தட்டைப் பூமி. நாம் நிற்பது ஒன்று, வானத்தில் உருண்டையாக இருப்பது இன்னொன்று என்று இரண்டு பூமி. உள்ளே குழிந்த பந்துக்குள் நாம் வாழ்வதுபோல் ஒன்று. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். கேள்வி கேட்ட விதம்தான் பிள்ளைகளைக் குழப்பியது, அவர்கள் மனத்தில் அப்படி உறுதியான படம் எதுவும் இல்லை என்றார்கள். இந்த வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த வாதத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: "பூமி உருண்டை, அது சுற்றுகிறது" என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்வதை வைத்து அதற்கு அது புரிந்துவிட்டது என்று நாம் முடிவு செய்யக் கூடாது. ஆகவே இந்த வயதில் வெளியே அழைத்துப் போவதன் வேலை விளக்கம் சொல்வதாக இருக்கத் தேவையில்லை. பார்க்கவும் தொடவும் அடையாளம் வைக்கவும் மறுபடி வந்து பார்க்கவும் பழக்கினால் போதும். உருண்டை பின்னால் வரும்.

உங்கள் முதல் அரை நாளை ஒரு கிணற்றடியில் செலவழியுங்கள். கொங்கு நாட்டில் திறந்த வெட்டுக் கிணற்றைப்போல் ஒரு நிலவியல் பாடப்புத்தகம் கிடையாது. அறுபது, எழுபது அடிக்குப் பூமியைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தை அப்படியே காட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே ஒரு முழம், இரண்டு முழம் செம்மண். அதில் வேர்கள் தொங்கும். அதற்குக் கீழே பல கிணறுகளில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கல். அதற்கும் கீழே, பார்க்கப் பாறைபோல் இருந்தாலும் விரலால் நோண்டினால் உதிர்கிற மக்கிய பாறை. அதற்கடியில் கடப்பாரை ஏறாத கரும்பாறை. பாறைதான் வெயிலிலும் மழையிலும் வேரிலும் பட்டுக் காலப்போக்கில் உதிர்ந்து மண்ணாகிறது என்பது நிலவியலின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்று. அதைப் பிள்ளைகள் மேலிருந்து கீழாக ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அந்தந்த அடுக்கிலிருந்து ஒரு பிடி முன்கூட்டியே எடுத்து நான்கு கொட்டாங்குச்சிகளில் போட்டு வைத்திருங்கள். எந்தக் கொட்டாங்குச்சி எந்த அடுக்கு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். சுக்கான்கல்லைக் கொஞ்சம் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும். அந்த நுரையைப் பார்த்த பிள்ளை அடுத்த ஒரு வாரம் வீட்டில் இருக்கிற கல்லையெல்லாம் எலுமிச்சையால் சோதிக்கும்.

ஒருமுறை நத்தக்காடையூர் பக்கத்தில் ஒரு கிணற்றின் சுற்றுச்சுவரில் பிள்ளைகளை நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். பாறை என்றேன். அதற்குக் கீழே? அதுவும் பாறை. அதற்கும் கீழே? நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தோட்டத்துக்காரப் பெரியவர், "கேட்டுக்கொண்டே இரு கண்ணு, நானும் எழுபது வருஷமாக இதைத்தான் யோசிக்கிறேன்" என்றார். அன்றைக்கு அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. புவி மேலோடு, கவசம், உட்கரு என்று அந்த இடத்தில் பெயர்களை அடுக்கியிருந்தால் அவளுடைய கேள்வி அங்கேயே நின்றுபோயிருக்கும்.

இன்னொன்று: ஆழக் கிணற்றுக்குள் இறங்கினால் பட்டப்பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று ஊரில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தாலும் மேலே தெரிகிற வானத்துண்டு அதே வெளிச்சத்தோடுதான் இருக்கிறது. சொல்பவர் பெரியவராக இருந்தால் பிள்ளைகள் முன்னால் மறுத்துப் பேச வேண்டாம். பிற்பாடு வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் யாராவது ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள் என்றால் அதை விட்டுவிடாதீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. நம் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ மாமாவோ ரிக்கில் வேலை செய்கிறார். துளையிலிருந்து காற்றோடு வெளியே வந்து விழும் பொடி ஆழம் போகப்போக நிறம் மாறும். முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு சாம்பல். சில இடங்களில் நடுவே வெள்ளை. ரிக்காரரிடம் சொல்லி வைத்தால் ஒவ்வொரு ராடு, அதாவது துளையிடும் கம்பி, இறங்கும்போதும் ஒரு கைப்பிடிப் பொடியைத் தனித்தனிக் காகிதத்தில் எடுத்து வைப்பார். ஆனால் வண்டி ஓடும்போது பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். அந்தப் பாறைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மறுநாள், குழாய் இறக்கி, மூடி போட்ட பிறகு போங்கள். மூடி போட்டிருக்கிறது என்பதை நீங்களே கையால் தொட்டு உறுதிசெய்துகொண்டு பிறகு பிள்ளைகளை விடுங்கள்.

இரண்டாவது அரை நாள் கல்லுக்கு. உங்களுக்குச் சிவன்மலை பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் சாமி கும்பிடப் போயிருப்பார்கள். ஆனால் அந்த மலையின் கல் உலக நிலவியலாளர்களிடம் பெயர் பெற்றது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. கொங்குச் சமவெளியில் நாம் சாதாரணமாகப் பார்ப்பது வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக ஓடும் பாறை. நிலவியலில் நைஸ் என்பார்கள். சிவன்மலையில் இருப்பது நெஃபலின் சயெனைட் என்ற அரிய வகை. மற்றப் பாறைகளில் தாராளமாகக் கிடைக்கும் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், இதில் இருக்காது. இந்த வட்டாரத்தில் குருந்தக்கல்லும் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம்முடைய குருந்தத்திலிருந்து போனதுதான். பிள்ளைகளிடம் சயெனைட் என்ற பெயரைச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பாறையிலிருந்து ஒரு துண்டை ஒரு கையிலும், மலையடிவாரத்தில் கிடக்கும் ஒரு துண்டை இன்னொரு கையிலும் கொடுத்து, என்ன வித்தியாசம் என்று மட்டும் கேளுங்கள். "இதில் வரி இருக்கிறது, இதில் இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய வேலை முடிந்தது.

அப்படியே பக்கத்துப் பள்ளத்தில், அதாவது ஓடையில், தண்ணீர் இல்லாத காலத்தில் மணலில் இறங்கலாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் இழுத்தால், கறுப்பு மணி மணியாக ஒட்டிக்கொள்ளும். அது இரும்புக் கனிமம், மேக்னடைட். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் இதே கனிமம் பாறையாகவே இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்து பார்த்தபோது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பை உருக்கியதற்கும், கல்மணிகள் செய்து வெளியூருக்கு விற்றதற்கும் சான்றுகள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அந்த ஊர்தான் என்று கருதுகிறார்கள். கொடுமணலுக்கு மணி செய்ய மூலக்கல் கொடுத்த ஊர்களில் உங்கள் பக்கத்துப் படியூரும் ஒன்று என்பார்கள். அங்கே பச்சைநீலக் கல் கிடைத்தது உறுதி, அங்கிருந்துதான் கொடுமணலுக்குப் போனது என்பது பொருத்தமான ஊகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது கதையாகப் போய்ச் சேரும். ஒன்றாம் வகுப்புக்குக் காந்தம் போதும்.

ஏதாவது ஒரு பயணத்துக்கு வண்டி வைத்துத்தான் ஆக வேண்டும் என்று பெற்றோர் விரும்பினால், சென்னைக்கும் மேட்டூருக்கும் பதிலாக நான் சொல்லும் ஊர் சித்தம்பூண்டி. நாமக்கல் மாவட்டம், பரமத்திவேலூர்ப் பக்கம். நான் இதைச் சொன்னால் ஆசிரியர்களே முதலில் நம்புவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிலாவில் வெளிச்சமாகத் தெரிகிற மேட்டுப்பகுதிகள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையால் ஆனவை. பூமியில் அந்த வகைப் பாறை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதித்துப் பார்க்க, நிலாவின் மண்ணைப் போன்ற மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. அதற்காகச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களிலிருந்து பாறையை எடுத்துப் போய்ப் பொடியாக்கிப் பெங்களூரில் நிலாத்தரை அமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதற்குப் பின்னால் நாமக்கல் மாவட்டத்துக் கல்லும் இருக்கிறது. அதற்கு முன்பு 2008-இல் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே கோதவாடிக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது? கல்லைத்தான். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் தெளித்தது போல் இருக்கும். எல்லோரும் அதைத் தொடட்டும், அதன்மேல் உட்காரட்டும். அன்று இரவு வீட்டில் நிலாவைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டுகிறோமே, அந்தக் கறுப்புத் திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இடங்கள். பாட்டியைச் சுற்றி இருக்கும் வெள்ளை, நீங்கள் காலையில் உட்கார்ந்திருந்த கல்லுக்கு உறவுக்காரக் கல். இது எளிமைப்படுத்திச் சொல்வது என்பது எனக்குத் தெரியும். நிலாப் பாறை வேறு, இது வேறு. பிறந்த விதமும் வயதும் வேறு. கனிமச் சேர்க்கையில்தான் ஒற்றுமை. நிலாவிலிருந்து விழுந்த கல் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுவந்த பெற்றோருக்கு நான் பலமுறை விளக்க வேண்டி வந்திருக்கிறது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 250 கோடியும் அப்பாரு, அதாவது தாத்தா, பிறந்த வருடமும் ஒன்றுதான். "உங்கள் அப்பாருக்கு அப்பாரு பிறப்பதற்கும் முன்னால், ரொம்ப ரொம்ப முன்னால்" என்பது போதும். அந்த இடங்கள் காப்புக்கம்பி போட்ட கண்காட்சி கிடையாது. பட்டா நிலங்களும் குவாரிகளும் கலந்து கிடக்கின்றன. முன்கூட்டியே ஒருமுறை நீங்கள் மட்டும் போய், நிலத்துக்காரரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் பேசி, சாலையோரமாகப் பாதுகாப்பான பாறை ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வாருங்கள். குவாரிக் குழிப் பக்கமே போக வேண்டாம்.

மீதி இரண்டு அரை நாள்களும் வானத்துக்கு. அதற்கு வண்டியே வேண்டாம். பாடப்புத்தகப் படங்களில் சூரியன் பகலுக்கும் நிலா இரவுக்கும் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்தில், தேய்பிறை அட்டமியை ஒட்டி, காலை வழிபாட்டு நேரத்தில் பிள்ளைகளை மேற்கே திருப்பி நிறுத்துங்கள். வெளிறிய அரை நிலா வானத்தில் இருக்கும். எத்தனை பேர் அதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையிலிருந்தும் ஒருவர் இருவர் வெளியே வந்து பார்ப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள்கள் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று வரையச் சொல்லுங்கள். நிலா மெலிந்துகொண்டே கிழக்கே சூரியன் பக்கமாக நகர்ந்துபோவதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து ஒரு ரூபாய் செலவில்லாத விண்வெளிப் பயணம் இது.

நிழலும் அப்படித்தான். ஒரு பிள்ளையை மைதானத்தில் நிறுத்தி, பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே பாதச்சுவட்டில் நிறுத்துங்கள். நம் பக்கம் ஏறக்குறைய 11 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு நாள் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. காங்கேயம், கோவைப் பக்கம் ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும், சேலத்துக்கு அதிலிருந்து இரண்டு நாள் உள்ளே தள்ளியும் வரும். நேரம் உங்கள் ஊரில் பகல் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி. 12 மணிக்கே பார்த்துவிட்டு நிழல் இருக்கிறதே என்று ஏமாந்துபோகாதீர்கள். நம் கடிகாரம் காட்டுவது அலகாபாத் பக்கத்து நேரம், சூரியன் நம் தலைக்கு வருவதற்கு இன்னும் கொஞ்சம் ஆகும். ஏப்ரல் என்றால் வெயில் கடுமை, ஆகஸ்ட் என்றால் மேகம் வரலாம். நான் ஆகஸ்டையே தேர்ந்தெடுப்பேன். சந்திரயான் இறங்கிய நாளும் அதை ஒட்டியே வருகிறது. ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்தால் போதும். இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நம் ஊரில் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. அதை மூன்றாம் வகுப்புக்குக் கண்டுபிடிக்க விடலாம்.

இந்த 11 பாகையைப் பற்றி, ஆசிரியரான உங்களுக்காக ஒரு செய்தி. துருவ நட்சத்திரமும் நம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, ஆக ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியபோது, இதே 11 பாகைச் சரிவு உள்ள மலையைத் தேடித்தான் அதன்மேல் படுக்க வைத்தார்கள். அப்படி வைத்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். தென்னந்தோப்பும் புழுதியும் இருக்கும் ஊரில் அவ்வளவு தாழ்வான நட்சத்திரத்தைத் தேடிக் காட்டுவதும் கடினம். இரவில் ஏதாவது காட்ட வேண்டும் என்றால், கார்த்திகை தீபம் கழிந்து ஒரு வாரத்தில் ஒரு மாலை ஏழு மணிக்குப் பெற்றோரோடு பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். கிழக்கே கார்த்திகைக் கூட்டம் நன்றாக மேலே வந்திருக்கும். எத்தனை நட்சத்திரம் என்று ஒவ்வொருவரும் எண்ணட்டும். ஆறு என்பவர்களும் இருப்பார்கள், ஏழு என்பவர்களும் இருப்பார்கள், இரண்டும் சரி.

கிரகணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 டிசம்பர் 26 காலை கோவை, திருப்பூர், கரூர் வழியாக வளையச் சூரிய கிரகணம் போனது. அரையாண்டு விடுமுறை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்த பதினோரு பிள்ளைகளும் நானும் களத்து வேப்பமரத்தடியில் நின்றோம். இலை இடுக்குகளின் வழியாகத் தரையெங்கும் சின்னச் சின்ன வளையல்கள் விழுந்தன. பிள்ளைகள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்கள். சூரியனை வெறுங்கண்ணால் ஒருபோதும், எந்த நாளிலும் பார்க்கக் கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பு. தரையைப் பார்ப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கும் என்று சொல்பவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சாதாரண ஒரு புதன்கிழமை உலக்கையை வகுப்பில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுங்கள். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும்.

தலைமையாசிரியர் சொன்ன மேட்டூரைப் பற்றி: நல்ல இடம், 1934-இல் கட்டி முடித்த பெரிய அணை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் அங்கே பார்ப்பது பூங்காவையும் மீன் வறுவலையும். உல்லாசப் பயணம் என்று சொல்லி அழைத்துப் போனால் தவறில்லை. பவானி கூடுதுறையில் வெள்ளக் காலத்தில் இரண்டு நிறத்தில் தண்ணீர் கலப்பது அருமையான காட்சி. வெள்ளக் காலத்தில் சிறு பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் அருங்காட்சியகத்தில் தமிழகத்தின் பல மண் வகைகளை வெட்டியெடுத்த அடுக்கோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிணற்றைப் பார்த்த பிறகு போனால் பிள்ளைகள், "இது எங்கள் ஊர்" என்று தேடுவார்கள். பார்க்காமல் போனால் அது வெறும் பெட்டி வரிசை. அதே கோவையில் கொடிசியா வளாகத்தின் பக்கத்து மண்டல அறிவியல் மையம் விளையாட்டாகக் கற்க நல்லது. இரண்டுக்கும் போன் செய்து நாளை உறுதிசெய்துகொண்டு போங்கள்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை சில இருக்கின்றன. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அம்மாக்களையும் ஆத்தாக்களையும் அழையுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். இடுப்பளவு சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றின் பக்கம் போகக் கூடாது. சுவர் இருந்தாலும் நான்கு நான்கு பேராகத்தான், பிள்ளையின் கையைப் பெரியவர் பிடித்திருக்க வேண்டும். பாறை மலைகளில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று முந்தைய நாள் பார்த்துவிட வேண்டும். ஊதுபத்திப் புகையும் பட்டாசும் தேனீயைக் கிளப்பிவிடும். காலை பதினொன்றரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். நிழல் விழாத நாளின் உச்சி வேளைச் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. பெற்றோரின் கையெழுத்தும் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியும் அரை நாளுக்கும் வேண்டும், அரை கிலோமீட்டருக்கும் வேண்டும்.

திரும்பி வந்ததும் கட்டுரை எழுத வைக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆளுக்கு ஒரு தீப்பெட்டி கொடுங்கள். அதற்குள் அடங்குகிற கல்லோ மண்ணோ ஒன்றே ஒன்று எடுத்து வரட்டும். பெட்டியின் மேல் தன் பெயரையும் எடுத்த இடத்தின் பெயரையும் எழுதட்டும். எழுத வராத பிள்ளைக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். 34 தீப்பெட்டிகளையும் ஜன்னல் திட்டில் அடுக்கி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே கிணற்றடிக்கு மறுபடி அழைத்துப் போங்கள். தண்ணீர் எந்த அடுக்கு வரை ஏறியிருக்கிறது என்று முதலில் சொல்வது யார் என்பதைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.